டிகாண்டர் ஓடினால் மட் வெயிட் இறங்குது, யார் சொல்றதைக் கேட்பது?

#1 அலைமேடை · செவ்வாய், இரவு 11.20

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. இரண்டு வருஷமா இங்க வாசிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன். இன்னைக்கு வேற வழியில்லாம எழுதுறேன்.

காக்கிநாடாவுக்கு வெளியே கடலில் ஒரு ஜாக்கப் ரிக்கில் (கடலடியில் கால் ஊன்றி நிக்கிற துளையிடும் மேடை) சாலிட்ஸ் கன்ட்ரோல் டெக்னீஷியன், அதாவது துளைக்குள்ள சுத்தி வர்ற மட்டில் (துளையிடும் சேறு) இருந்து பாறைத்தூளைப் பிரிக்கிற ஆள். இது எனக்கு இரண்டாவது ஹிட்ச் (கடல் டூட்டி) தான். இப்ப 12¼ அங்குல துளை ஓடுது. பொட்டாசியம் குளோரைடு பாலிமர் மட், வெயிட் (அடர்த்தி) 1.32. ரிப்போர்ட்டில் எல்.ஜி.எஸ். (மட்டுக்குள் தங்கிப் போன லேசான பாறைத்தூள்) 8 சதவீதம்னு வந்ததும் மட் இன்ஜினியர் "டிகாண்டரைப் போடு, ஃபுல் ஸ்பீடு" என்றார். டிகாண்டர்னா மட்டை வேகமா சுத்தித் தூளைப் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ். 14 அங்குல பவுல் (சுத்துற உருளை), 3,000 ஆர்.பி.எம்.ல போட்டேன். கேக் (பிரிஞ்சு விழுற தூள்) நல்லா உதிரியா புட்டு மாதிரி விழுந்துச்சு. எனக்கு ஒரே பெருமை.

ஆறு மணி நேரத்தில் வெயிட் 1.29க்கு வந்துடுச்சு. டெரிக்மேன் (மட் டேங்கைப் பார்த்துக்கிறவர்) பாரைட் ஹாப்பரை (வெயிட் ஏத்துற கனமான தாதுத்தூளைக் கொட்டுற புனல்) விட்டு நகர முடியல. கம்பெனி மேன் (எண்ணெய் கம்பெனியோட ரிக் பிரதிநிதி) இறங்கி வந்து எல்லார் முன்னாடியும் கத்தினார், அணைச்சுட்டேன். இப்ப இன்ஜினியர் போடுங்கிறார், கம்பெனி மேன் தொட்டா கையை ஒடிப்பேங்கிறார். நடுவுல நான். மெஷின் நல்லா வேலை செஞ்சதாலதான் திட்டு வாங்கினேனா?

#2 ரோட்டரி_ராஜா · செவ்வாய், இரவு 11.41

சாலிட்ஸை எடுக்கச் சொன்னாங்க, நீ எடுத்துட்ட. எந்த சாலிட்ஸ்னு அவங்க சொல்லல, நீயும் கேக்கல. பெரியவர் வருவார், இரு.

#3 பழைய_மட்டு · புதன், காலை 6.05

தம்பி, இன்ஜினியர் நோயைச் சரியாகப் பிடித்திருக்கிறார், மருந்துதான் தப்பு. கம்பெனி மேன் மருந்தைப் பிடுங்கிப் போட்டாரே தவிர நோயைப் பார்க்கவில்லை. நான் மும்பை ஹை எண்ணெய் வயலில் ஆரம்பித்து 31 வருஷம் மட் பார்த்தவன். இந்தச் சண்டை ஒவ்வொரு ரிக்கிலும் நடக்கும்.

டிகாண்டருக்குப் பாரைட் எது, பாறைத்தூள் எது என்று தெரியாது. கனமானது, பெரியது முதலில் சுவரில் ஒட்டும், அவ்வளவுதான் அதன் அறிவு. பாரைட்டின் ஒப்படர்த்தி 4.2. நீ தோண்டி எடுக்கும் களிக்கல், மணற்கல் எல்லாம் 2.6 பக்கம். அதனால் 10 மைக்ரான் பாரைட் துகளும் 15 மைக்ரான் பாறைத்துகளும் ஒரே வேகத்தில் ஒதுங்கும். ஒன்றரைப் பங்கு என்று மனதில் வைத்துக்கொள்.

இப்போது ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரத்தைப் பார். பாரைட்டில் 75 மைக்ரானுக்கு மேல் 3 சதவீதத்துக்கு மிஞ்சக் கூடாது. 6 மைக்ரானுக்குக் கீழே 30 சதவீதத்துக்கு மிஞ்சக் கூடாது. அதாவது மூட்டையில் வருவதில் பெரும்பங்கு 6க்கும் 75க்கும் நடுவில். நீ ஓட்டிய வேகத்தில் உன் மெஷின் கிட்டத்தட்ட 1,800 ஜி (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு விசை) கொடுக்கும். (அங்குலத்தில் பவுல் விட்டம், பெருக்கல் ஆர்.பி.எம். வர்க்கம், பெருக்கல் 0.0000142. போட்டுப் பார்.) அந்த விசையில் 6 மைக்ரான் பாரைட் தப்பிப்பதற்கு வழியே இல்லை. புட்டு என்று ரசித்தாயே, அதில் நல்ல பங்கு ஹாப்பரில் அரை மணி முன்னால் கொட்டிய சரக்கு.

சந்தேகமாக இருந்தால் கேக்கை நிறுத்துப் பார். மட் பேலன்ஸ் (மட் அடர்த்தி பார்க்கும் தராசு) போதும், லேப் வேண்டாம். காலிக் கப்பில் கேக்கைப் போட்டுக்கொண்டே வா. மூடியோடு தராசு 1.00 காட்டும்போது நிறுத்து. பிறகு கப்பைத் தண்ணீரால் நிரப்பி, குச்சியால் கிளறிக் காற்றை வெளியேற்றி, மூடி, மறுபடி நிறு. அந்த இரண்டாவது அளவை 2லிருந்து கழி. 1ஐ அந்த விடையால் வகு. வருவது கேக்கின் அடர்த்தி. 1.8 பக்கம் வந்தால் பாறைத்தூள். 2.2க்கு மேல் போனால் பாரைட்டை வெளியே தள்ளுகிறாய். செய்துவிட்டு வந்து எழுது.

இன்னொன்று. வெயிட் 0.03 தானே இறங்கியது என்று நினைக்காதே. உன் துளை செங்குத்தாக 2,800 மீட்டர் என்று வைத்தால் அடியில் சுமார் 8 பார், 120 பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும். அழுத்தம் நெருக்கமாக இருக்கும் பகுதியில் கிக் (பாறையிலிருந்து வாயுவோ எண்ணெயோ துளைக்குள் புகுவது) வர அது போதும். கம்பெனி மேன் கத்தியது பாரைட் காசுக்காக மட்டும் இல்லை.

#4 திருகாணி · புதன், காலை 9.30

நான் மட் ஆள் இல்லை, மெஷின் ஆள். கோயம்புத்தூரில் டிகாண்டர் சர்வீஸ் கடை. பாமாயில், கழிவுநீர், சாயப்பட்டறைக் கசடு எல்லாம் பார்த்துட்டு, கடலுக்கும் அப்பப்போ கூப்பிடுவாங்க. பெரியவர் சொன்ன 1,800 ஜி சரி. அதே பவுலை 1,900ல ஓட்டினா 720 தான் வரும். வேகம் வர்க்கத்தில் ஏறும், அதை நிறைய பேர் மறந்துடுறாங்க.

தம்பிக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியட்டும். வெளியே பவுல் சுத்துது, உள்ளே திருகு, அதாவது ஸ்க்ரோல், அதே திசையில் கொஞ்சம் வேக வித்தியாசத்தில் சுத்துது. அந்த வித்தியாசம்தான் கேக்கைக் கரைக்கு இழுத்துட்டுப் போகும். கியர்பாக்ஸ் 52க்கு 1ன்னு வெச்சுக்கோ, பினியன் பூட்டியிருக்கு, 3,000 ஆர்.பி.எம்.னா வித்தியாசம் சுமார் 58. கேக் கூம்புப் பகுதியில் மேலே ஏறும்போது திரவ மட்டத்தைத் தாண்டி வெளியே வருதில்ல, அந்த இடத்துக்குப் பேரே பீச்தான். கடலுக்கு நடுவுல நிக்கிற ரிக்கில் ஒரே பீச் அதுதான்.

திரவ மட்டத்தை வியர் பிளேட் (திரவம் வழியிற வாயில் இருக்கிற தடுப்புத் தகடு) தீர்மானிக்கும். ஆழம் கூட்டினா நுண்துகள் கூடப் படியும், ஆனா கேக் ஈரமா வரும். குறைச்சா கேக் காயும், வெளியே போற மட் கலங்கலா இருக்கும். கேக் காய்ஞ்சு உதிரியா வந்தா மெஷின் நல்லா ஓடுதுன்னு எல்லா ஆபரேட்டரும் நம்புறாங்க. கேக்கைப் பார்க்காதே, எஃப்ளுவென்டைப் (வெளியே போற திரவத்தை) பார். இரண்டு பக்கமும் சாம்பிள் எடுத்து நிறுத்தாத்தான் ஏதாவது தெரியும்.

#5 அலைமேடை · புதன், பிற்பகல் 3.15

நிறுத்துட்டேன்! நேத்து விழுந்த கேக் ஸ்கிப்பில் (கழிவுப் பெட்டி) அப்படியே இருந்துச்சு. 1.00 வரைக்கும் போட்டு, தண்ணி ஊத்தி, மறுபடி நிறுத்தா 1.56. கணக்கு போட்டா 2.27. மூணு தடவை செஞ்சேன், 2.25க்கும் 2.30க்கும் நடுவுலதான் வருது.

டெரிக்மேன் பக்கத்துல நின்னு பார்த்துட்டு ஒரு வார்த்தை சொன்னார், இங்க எழுத முடியாது.

#6 பழைய_மட்டு · புதன், மாலை 4.40

2.27. கேக்கின் பருமனில் பாதி திரவம் என்று வை. டிகாண்டர் கேக் அப்படித்தான், காய்ந்த மாதிரி தெரிந்தாலும் பருமனில் பாதி ஈரம்தான். அப்படியானால் திண்மத்தின் சராசரி அடர்த்தி 3.54. 2.6க்கும் 4.2க்கும் நடுவில் அது எங்கே நிற்கிறது பார். வெளியே போன திண்மத்தில் பருமனில் 60 சதவீதம் போலப் பாரைட். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் இன்ஜினியரிடம் காட்டு. சண்டைக்குப் போகாதே, "சார், இப்படி வருது, என்ன செய்யலாம்" என்று கேள். அவருக்கும் ராத்திரி மூன்று மணிக்கு ரிப்போர்ட் எழுதுகிற அலுப்பு இருக்கும்.

இப்போது என் கேள்வி. எல்.ஜி.எஸ். 8க்கு எப்படிப் போனது? ஒரே நாளில் ஏறியிருக்காது. ஷேக்கரில் (மட் முதலில் விழும் அதிரும் சல்லடை) என்ன வலை? ஓட்டை இருக்கிறதா? டிசில்டரை (நுண்மணலைப் பிரிக்கும் கூம்புகள்) வெயிட் ஏற்றிய மட்டில் ஓட்டுகிறீர்களா?

ஏன் ஷேக்கரைப் பிடித்துத் தொங்குகிறேன் என்றால் கணக்கு இதுதான். 12¼ அங்குலத் துளையில் மீட்டருக்கு 0.076 கன மீட்டர் பாறை. 1,000 மீட்டர் தோண்டினால் 76. ஷேக்கரும் மற்றதும் சேர்ந்து 80 சதவீதம் எடுத்தால் 15 கன மீட்டர் மட்டுக்குள் தங்கும். எல்.ஜி.எஸ்.ஸை 5 சதவீதத்தில் நிறுத்த வேண்டுமானால் ஒரு கன மீட்டர் தூளுக்கு 19 கன மீட்டர் புது மட் கலக்க வேண்டும். பெருக்கு, 285க்கு மேல் வரும். 90 சதவீதம் எடுத்தால் அதில் பாதி போதும். அந்தக் கடைசிப் பத்து சதவீதத்துக்காகத்தான் இவ்வளவு இரும்பையும் டெக்கில் சுமக்கிறோம்.

முதல் சுற்றிலேயே பிடிக்காத துகள் பம்புக்கும் துளையிடும் முனைக்கும் நடுவில் அரைபட்டு இரண்டாகும், நாலாகும். பாதி அளவாக உடைந்தால் மொத்தப் பரப்பு இரட்டிப்பாகும். 2 மைக்ரானுக்குக் கீழே போய்விட்டால் உன் டிகாண்டரும் கைவிரித்துவிடும். அதன் பிறகு தண்ணீரும் புது மட்டும்தான் கதி.

#7 வடகடல் · புதன், இரவு 8.10

வணக்கம். நான் நோர்வேயில, ஸ்டவாங்கர் பக்கம். செமி-சப்மெர்சிபிளில (மிதக்கிற ரிக்) இதே வேலை பத்து வருஷம் செய்தனான்.

பழைய மட்டு அண்ணை சொன்னதெல்லாம் சரி. ஆனா பாரைட்டை இழக்காமல் டிகாண்டர் ஓட்டேலாது எண்டு தம்பி நினைச்சிடக் கூடாது. எங்களிட்ட எப்பவும் இரண்டு மெஷின் தொடரா நிக்கும். முதலாவது மெதுவா, 1,800, 1,900 ஆர்.பி.எம். அதில விழுறது கனமான பாரைட், அது நேர ஆக்டிவ் பிட்டுக்கு (ஓடுற மட் நிக்கிற தொட்டி) திரும்பிப் போகும். அதின்ர எஃப்ளுவென்ட் இரண்டாவது மெஷினுக்குப் போகும், அது முழு வேகம். அங்க விழுற நுண்தூளைத்தான் எறியிறது. மிச்சத் திரவம் பிட்டுக்கு.

ஏன் இவ்வளவு பாடு எண்டால், நாங்கள் ஓட்டுறது ஆயில் பேஸ் மட் (தண்ணிக்குப் பதிலா எண்ணெயில கலக்கிற மட்). உங்கட பொட்டாசியம் மட்டில முதல் மெஷினின்ர எஃப்ளுவென்டை எறிஞ்சு போட்டுத் தண்ணியும் பாலிமரும் புதுசாக் கலக்கலாம். எங்களுக்கு அந்தத் திரவம்தான் சொத்து. ஒரு துளியும் எறியேலாது, கடலிலயும் விடேலாது.

இன்னொரு கரைச்சல் குளிர். தண்ணி மட் தடிச்சா ஃபீடில கொஞ்சம் தண்ணி விடலாம். ஆயில் மட்டுக்குத் தண்ணி விட்டா எண்ணெய்-தண்ணி விகிதமே குழம்பிப் போகும். பேஸ் ஆயில் விட்டா காசு. அதால ஃபீடைச் சூடாக்கித்தான் விடுறது, இல்லாட்டி கிணத்தில இருந்து சூடோட வாற இடத்திலயே உறிஞ்சுறது. பிசுக்கு பாதியானா துகள் படியிற வேகம் இரட்டிப்பாகும். குளிர்காலத்தில டெக்கில நிண்டு பாத்தா இது நல்லா விளங்கும்.

#8 பழைய_மட்டு · வியாழன், காலை 5.50

வடகடல் தம்பிக்கு வணக்கம். ஆயில் மட்டுக்கு இரட்டை மெஷின் சரி, மறுபேச்சில்லை. ஆனால் தண்ணீர் மட்டில் பாரைட் மீட்பு என்பதைப் பாதி நேரம் மெஷின் வாடகைக்கு விடுகிறவர்கள்தான் விற்கிறார்கள் என்பது என் எண்ணம். இந்தியக் கிழக்குக் கரையில் பாரைட் பக்கத்து வீட்டுச் சரக்கு. பழைய கடப்பா மாவட்டத்து மங்கம்பேட்டை உலகின் மிகப் பெரிய பாரைட் படிவுகளில் ஒன்று. அங்கிருந்து வருவதைக் காப்பாற்றுகிறேன் என்று நாள் வாடகைக்கு இரண்டு மெஷினும் நாலு ஆளும் போட்டால் கணக்கு உதைக்கும்.

பாரைட் மீட்பு ஓட்டுவதன் உண்மையான பயன் பாரைட் இல்லை. எஃப்ளுவென்டோடு நுண்தூளைக் கழித்துக்கட்டி பிசுக்கைக் குறைப்பதுதான். எஃப்ளுவென்டை எறியவும் மாட்டேன், இரண்டாவது மெஷினுக்கும் அனுப்ப மாட்டேன், மறுபடி பிட்டிலேயே விடுவேன் என்றால் இடது பையில் இருந்து வலது பைக்கு மாற்றியது போலத்தான். அப்படி மூன்று நாள் ஓட்டி, ரிப்போர்ட்டில் "சென்ட்ரிஃபியூஜ் 68 மணி நேரம்" என்று எழுதி வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

#9 வடகடல் · வியாழன், மதியம் 1.25

அண்ணை, பாரைட் மலிவு, ஆனா கப்பல் மலிவில்லை. சப்ளை வெசல் காலநிலையால ரெண்டு நாள் வராட்டி பல்க் டேங்கில இருக்கிறதுதான் பாரைட். அப்ப எறிஞ்சதை நினைச்சு அழ வேண்டியதுதான். நடுக்கடல் கணக்கும் கரைக் கணக்கும் ஒண்டில்லை.

மற்றது, இப்ப சில இடங்களில ஓரிரு மைக்ரானுக்கு அரைச்ச நுண்பாரைட் மட் பாவிக்கினம். அதில உங்கட ஒன்றரைப் பங்குக் கணக்கு தலைகீழா நிக்கும், பாரைட்டே பாறைத்தூளை விடச் சின்னன். தம்பி எந்த மட் எண்டு கேட்காமல் மெஷினைத் தொடக் கூடாது.

#10 கட்டுமரம்75 · வியாழன், இரவு 9.00

நான் நாகப்பட்டினம். அப்பா, தாத்தா எல்லாம் கடல் தொழில். ரிக் பக்கம் போனதில்லை. நீங்க எல்லாம் "எறியிறது, எறியிறது"ன்னு எழுதுறீங்களே, எங்க எறியிறீங்க?

#11 ரோட்டரி_ராஜா · வியாழன், இரவு 9.12

நியாயமான கேள்வி. எனக்கு வேற வேலை இருக்கு, வரேன்.

#12 உப்புக்காற்று · வியாழன், இரவு 10.45

ராஜா ஓடட்டும், நான் சொல்றேன். நான் சுற்றுச்சூழல் பக்கம் வேலை செய்யிறவ, கட்டிங்ஸ் (தோண்டி வர்ற பாறைத் துண்டு) சாம்பிளை ரிட்டார்ட்டில் (சூடாக்கிப் பிரிக்கிற கருவி) போட்டு எண்ணெய் அளக்கிறதே என் பிழைப்பு.

நேரா சொல்லணும்னா: தண்ணீர் மட் கட்டிங்ஸும் டிகாண்டர் கேக்கும் பெரும்பாலும் கடலில்தான் விழுது. நம்ம நாட்டில் 2005ல் வந்த மத்திய அரசு அறிவிக்கை இருக்கு. டீசல் கலந்த மட் கூடாது. கட்டிங்ஸில் எண்ணெய் கிலோவுக்கு 10 கிராமுக்குள் இருக்கணும். மட்டின் நச்சுத்தன்மைச் சோதனையில், 96 மணி நேரத்தில் பாதி உயிர்கள் சாகிற செறிவு லிட்டருக்கு 30,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கணும். அதாவது அவ்வளவு கலந்தாலும் பாதி பிழைக்கணும்.

வட கடல் பக்கம் ஆஸ்பார் ஒப்பந்தத்தின் (வடகிழக்கு அட்லாண்டிக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம்) 2000/3 தீர்மானம். ஆயில் மட் ஒட்டின கட்டிங்ஸில் காய்ந்த எடைக்கு 1 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் இருந்தா கடலில் விடக் கூடாது. அமெரிக்கா மெக்சிகோ வளைகுடாவில் சிந்தெடிக் மட் (செயற்கையாத் தயாரிச்ச திரவத்தில் கலக்கிறது) கட்டிங்ஸைக் கடலில் விட அனுமதி உண்டு, ஆனா இன்டர்னல் ஓலிஃபின் வகைக்கு ஈரக் கட்டிங்ஸில் 6.9 சதவீதம்தான் உச்சம், எஸ்டர் வகைக்கு 9.4. மட்டை அப்படியே கொட்டுறதுக்கு அங்கே தடை.

டிகாண்டர் இங்கேயும் வருது. ஷேக்கரை விட்டு விழுற கட்டிங்ஸில் சிந்தெடிக் திரவம் 10 சதவீதம், சில சமயம் அதுக்கு மேலேயும் ஒட்டிட்டிருக்கும். அதை நிமிர்ந்து நிக்கிற டிரையரில் போட்டுச் சுத்துவாங்க. வீட்டு வாஷிங் மெஷினில் துணி பிழியிற மாதிரி, கூம்புச் சல்லடை வழியா திரவம் வெளியே தெறிக்கும். கட்டிங்ஸ் 5 சதவீதத்துக்குக் கீழே வந்துடும். ஆனா பிழிஞ்ச திரவத்தோட சல்லடைக்குள் நுழையிற நுண்தூள் எல்லாம் சேர்ந்தே வரும். அதை நேரா பிட்டில் விட்டா நல்ல மட்டும் கெட்டுப் போகும். அதனால டிரையருக்குப் பின்னாடி கட்டாயம் ஒரு டிகாண்டர். பலரும் டிரையரை வாங்கிட்டு இந்த டிகாண்டருக்கு இடம் விடாம மாட்டிக்குவாங்க.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்த டிகாண்டர் கேக்கில் டிரையர் கட்டிங்ஸை விட எண்ணெய் ஜாஸ்தி இருக்கும். நுண்தூள் இல்லையா, பரப்பு அதிகம், பிடிச்சு வெச்சுக்கும். டிரையர் சாம்பிளை மட்டும் காட்டி "4 சதவீதம்"னு கையெழுத்து கேப்பாங்க. இரண்டையும் எடை விகிதத்தில் சேர்த்துக் கணக்குப் போடாம நான் போடுறதில்லை. இதுக்காக என்னை டெக்கில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னும் தெரியும்.

#13 வடகடல் · வியாழன், இரவு 11.30

உப்புக்காற்று அக்கா சொன்னது சரி. இஞ்ச 1 சதவீதத்துக்கு டிரையரும் டிகாண்டரும் காணாது. அதால பெட்டியில அடைச்சுக் கரைக்கு அனுப்பினம், இல்லாட்டி சூட்டில எண்ணெயை ஆவியாக்கிப் பிரிக்கிற ஹேமர்மில் போடினம். பழைய மேடைகளுக்குக் கீழ 70களிலயும் 80களிலயும் கொட்டின எண்ணெய்க் கட்டிங்ஸ் இண்டைக்கும் குவியலாக் கிடக்குது. தொட்டால் கலங்கும் எண்டு தொடாமலே விட்டிருக்கிற இடமும் இருக்கு.

#14 கட்டுமரம்75 · வெள்ளி, காலை 5.20

பதில் சொன்னதுக்கு நன்றி அக்கா. உயிர் சாகாத செறிவுன்னு சொல்றீங்க, சரி. ஆனா சேறு மேல விழுந்து மூடினா அடியில இருக்கிற சங்கு, புழு எல்லாம் மூச்சு முட்டித்தானே சாகும்? அதுக்கு விஷம் எதுக்கு?

#15 உப்புக்காற்று · வெள்ளி, காலை 8.15

நீங்க சொல்றது சரிதான். தண்ணீர் மட்டில் முக்கியமான பாதிப்பே அந்த மூடல்தான், கிணற்றைச் சுத்தி அடித்தளத்தில். தள்ளிப் போகப் போகக் குறையும், நீரோட்டம் அள்ளிட்டுப் போற இடத்தில் சீக்கிரம் மீளும். ஆழக்கடலில் மெதுவாத்தான் மீளும். டிகாண்டர் ஒழுங்கா ஓடினா மொத்தமா கொட்டுற அளவு குறையும்கிறது உண்மை, ஏன்னா புது மட் கலக்கிக் கலக்கி மிஞ்சுறதைத்தான் அதிகம் கொட்டுறாங்க. பழைய மட்டு ஐயா போட்ட 285 கன மீட்டர் கணக்கு இருக்கே, அது எங்கேயோ ஒரு இடத்துக்குப் போகணும் இல்லையா?

#16 நெறியாளர் · வெள்ளி, காலை 9.00

கழிவு விதிகள் பற்றித் தனி இழை திறந்திருக்கிறேன். தொடர விரும்புபவர்கள் அங்கே வரவும். இங்கே தம்பியின் மெஷினைப் பார்ப்போம்.

#17 திருகாணி · வெள்ளி, மதியம் 12.10

மெஷினைப் பார்ப்போம்னு சொன்னதால ஒண்ணு. தம்பி, கம்பெனி மேன் கத்தினப்போ எப்படி அணைச்ச? நேரா சிவப்பு பட்டனா?

ஒரு ரிக்கில் (பேர் வேண்டாம்) இப்படித்தான், ஃபீடு ஓடும்போதே மெயின் மோட்டாரை அணைச்சுட்டாங்க. உள்ளே இருந்த கேக் பவுலில் ஒரு பக்கமா சரிஞ்சு, ராத்திரி முழுக்கக் கிடந்து இறுகிப் போச்சு. காலையில் ஆள் மாறினான், அவனுக்கு விஷயம் தெரியாது, ஸ்டார்ட் கொடுத்துட்டான். 700, 800 ஆர்.பி.எம். வரும்போதே ஸ்கிட் (மெஷின் நிக்கிற சட்டம்) துள்ள ஆரம்பிச்சிருக்கு. கைப்பிடிக் கம்பியில் வெச்சிருந்த டீ கப் நடந்து போய் விழுந்துச்சாம். வைப்ரேஷன் சுவிட்ச் வேலை செய்யலை, யாரோ "சும்மா சும்மா டிரிப் ஆகுது"ன்னு ஜம்பர் (சுவிட்சைத் தாண்டி இணைக்கிற ஒயர்) போட்டு வெச்சிருந்தாங்க. நல்ல வேளை, ஒருத்தன் ஓடிப் போய் மெயினை இறக்கினான்.

நான் போய்த் திறந்தப்போ உள்ளே சிமெண்டு. ஃபீடு குழாய் வழியா வெந்நீர் விட்டு, ஸ்க்ரோலைக் கையால முன்னும் பின்னும் திருப்பி, ரெண்டு நாள். ஒரு பக்க பேரிங் போச்சு. ஸ்க்ரோல் ஓரத்தில் ஒட்டியிருக்கிற டங்ஸ்டன் கார்பைடு ஓடு மூணு உடைஞ்சிருந்துச்சு.

ஏத்தும்போது: முதலில் பவுல் முழு வேகம், அப்புறம்தான் ஃபீடு பம்ப். இறக்கும்போது: ஃபீடை நிறுத்து, தண்ணியோ பேஸ் ஆயிலோ விட்டு இரண்டு பக்கமும் தெளிவா வர்ற வரைக்கும் கழுவு, அப்புறம் மோட்டார். அணைச்ச பிறகும் பவுல் ரொம்ப நேரம் தானா சுத்தும். சத்தம் அடங்கிடுச்சேன்னு மூடியைத் திறக்காதே, பெல்ட்டை கண்ணால பாரு. எவ்வளவு கத்தினாலும் கம்பெனி மேன் அந்தப் பத்து நிமிஷத்தை உனக்குக் கொடுத்தே ஆகணும். கொடுக்க மாட்டேன்னா, ஒரு ஸ்க்ரோல் விலை என்னன்னு கேட்டுச் சொல்லு, கொடுப்பார்.

#18 அலைமேடை · ஞாயிறு, இரவு 10.30

மன்னிக்கணும், ரெண்டு நாளா நெட் இல்ல.

முதல்ல திருகாணி அண்ணனுக்கு. ஆமா, சிவப்பு பட்டன்தான். உங்க பதிவைப் படிச்சதும் வயிறு கலங்கிருச்சு. மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய், பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போட்டு, பவுலைக் கையால திருப்பிப் பார்த்தோம். ஒரே இடத்துல கனமா வந்து நின்னுச்சு. ஒரு மணி நேரம் தண்ணி விட்டுக் கழுவினோம், சாக்கடை மாதிரி வந்து அப்புறம் தெளிஞ்சது. வைப்ரேஷன் சுவிட்சை நானே தட்டிப் பார்த்தேன், டிரிப் ஆகுது.

அடுத்து ஷேக்கர். நாலு ஷேக்கர், எல்லாத்துலயும் ஏ.பி.ஐ. 140 வலைன்னு போர்டுல எழுதியிருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா மூணாவது ஷேக்கரில் கடைசி பேனல் ஓரத்துல உள்ளங்கை அளவு கிழிசல். கட்டிங்ஸ் குவிஞ்சு மூடியிருந்ததால தெரியல. எத்தனை நாளா அப்படின்னு யாருக்கும் தெரியாது. டிசில்டரும் அடியில சல்லடை இல்லாமலே ஓடிட்டிருந்துச்சு, அதை அன்னைக்கே நிறுத்திட்டாங்க.

இன்ஜினியர்கிட்ட 2.27 காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவரே கம்பெனி மேன்கிட்ட போனார். முடிவு: வலை மாத்தியாச்சு, நாலிலும் இன்னும் நுண்ணிய ஏ.பி.ஐ. 170. டிகாண்டர் 1,900ல, ஃபீடு குறைச்சு, ஃபீடுக்குள்ள கொஞ்சம் தண்ணி விட்டு ஓட்டுறோம். கேக் பாரைட், கலக்கி நல்லா ஓடுற பிட்டுலயே விழுது. எஃப்ளுவென்டைத் தனி டேங்குக்கு எடுத்து, வெயிட் பார்த்துட்டு, அவர் சொல்ற அளவு மட்டும் கழிக்கிறோம். அரை மணிக்கு ஒரு தரம் ஃபீடு, கேக், எஃப்ளுவென்ட் மூணும் நிறுத்து நோட்டுல எழுதுறேன்.

இன்னைக்கு ராத்திரி எல்.ஜி.எஸ். 6.2. வெயிட் 1.32 அசையல.

#19 பழைய_மட்டு · திங்கள், காலை 5.40

நல்லது. எஃப்ளுவென்ட் வெயிட் எவ்வளவு வருகிறது? அதில் போகும் பாலிமரையும் பொட்டாசியத்தையும் இன்ஜினியர் திரும்பச் சேர்க்கிறாரா? இல்லையென்றால் இரண்டு நாளில் களிக்கல் வீங்கி ஷேக்கரில் உருண்டை உருண்டையாக வரும், அப்போது மறுபடி டிகாண்டரைத்தான் திட்டுவார்கள்.

#20 அலைமேடை · திங்கள், காலை 6.15

1.14, 1.15 அப்படி வருது ஐயா. பொட்டாசியம் நேத்து ரிப்போர்ட்டை விடக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. கேட்டுட்டு வரேன். இப்ப ஷிஃப்ட் மாறுற நேரம், புது ஆளுக்காகக் கழுவுற முறையைச் சுவத்துல எழுதி ஒட்டிட்டுப் போகணும்.

#21 ரோட்டரி_ராஜா · திங்கள், காலை 6.31

எழுதும்போது ஹிந்தியிலயும் எழுது. உன் ரிலீவர் பாட்னாக்காரன்.